மூன்றாவது அடையாளம்

பேருந்து நிலையத்தின் பின்கோடியில், கழிப்பறைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவே, ‘தவறவிட்ட பொருட்கள் பிரிவு’ என்று பலகை மாட்டிய அறை ஒன்று உண்டு. அதில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஓட்டுநர்கள் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘அடையாளம்’. நேரில் பேசும்போது மட்டும் மரியாதைக்கு ஒரு ‘சார்’ சேர்த்துக்கொள்வார்கள்.

பொருளைத் தொலைத்தவர் மூச்சிரைக்க ஓடிவந்து, “சார், அதோ தொங்குது பாருங்க, அதான் என் குடை,” என்பார். அடையாளம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். “தொங்கறது எல்லாமே குடைதாங்க. அடையாளம் சொல்லுங்க. மூணு,” என்பார். மூன்று என்பது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை, அவராகக் கண்டுபிடித்தது. முதல் அடையாளம், பார்த்தவருக்கெல்லாம் தெரிவது. இரண்டாவது, வைத்திருந்தவருக்கு மட்டும் தெரிவது. மூன்றாவது, அந்தப் பொருளை ஒருநாளாவது திருப்பிப் பார்த்தவருக்கு மட்டுமே தெரிவது. முதல் இரண்டையும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில்தான் ஆள் மாட்டுவார்.

ஒரு பள்ளி ஆசிரியை தன் குடைக்கு எத்தனை கம்பி என்று தெரியாமல் மழையில் நனைந்துகொண்டே திரும்பிப் போனார். பல்செட்டைத் தொலைத்த பெரியவர் ஒருவர், கேள்வியெல்லாம் எதற்கு என்று அதை எடுத்து வாயில் மாட்டி, கடக் கடக்கென்று கடித்துக் காட்டினார். அடையாளம் அசையவில்லை. “வாய்ல பொருந்தறதெல்லாம் சொந்தமாயிடாதுங்க. மேல்வரிசையில ஒரு பல் நிறம் மாறியிருக்கு. இடதா, வலதா?” என்று கேட்டார். பெரியவர் பாவம், தன் பல்லைத் தானே எப்படிப் பார்த்திருப்பார்? பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பல்லில்லாத வாயால் நாலு வசவு வைதுவிட்டுப் போனார். என்ன வசவு என்பது யாருக்கும் விளங்கவில்லை.

தொண்ணூறு நாள் வரை பொருள் அலமாரியில் இருக்கும். அதற்குள் யாரும் வராவிட்டால், தொண்ணூற்றோராம் நாள் காலையில் அடையாளம் பேரேட்டைத் திறந்து, அந்த வரிசைக்கு நேராகச் சிவப்பு மையில் எழுதுவார்: ‘கேட்பாரில்லை. கழிக்கப்பட்டது.’ எழுதிவிட்டுக் கோடு போடுவார். அந்தக் கோட்டை இழுக்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

இப்படிப்பட்ட மனிதர் உல்லாசப் பயணம் போனார் என்றால், அது அவராக விரும்பிப் போனதாக இருக்க முடியாது. அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும், சனியும் ஞாயிறும் வரவே கூடாது என்று மேலதிகாரி சாவியைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார். விஷயம் தெரிந்த உடனே மனைவியின் தம்பி காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். அவன் பழுது பார்க்காத பெட்டியும் கிடையாது, வாயை மூடி இருந்த நாளும் கிடையாது. “ஏரிக்கரையில ஒரு லாட்ஜ் அத்தான். ஓனரம்மா நமக்குத் தெரிஞ்சவங்க. ஃப்ரீசர் ரிப்பேர் பண்ணிக் குடுத்தேன். ரெண்டு ரூம் சொல்லி வச்சிருக்கேன். ஏறுங்க,” என்றான்.

மனைவி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பவள். ஊரார் எழுதும் தப்பையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிடுவது அவள் வேலை. ஆக, வீட்டில் சிவப்பு மை இருவருக்கும் பொது. பயணத்துக்கும் ஒரு கட்டு ப்ரூஃபை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கட்டின் மேலும் குண்டூசியால் குத்திய சின்னச் சீட்டு: ‘படித்ததும் சொல்லவும்.’ எழுதியவர் அதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லவேண்டும். அந்தப் பதில் வராமல் அச்சகத்தில் எந்திரம் ஓடாது. எத்தனை நாளானாலும் காத்துக்கொண்டுதான் நிற்கும்.

விடுதி சின்னது. பத்து அறை, ஒரு சாப்பாட்டுக்கூடம், பின்பக்கம் ஏரி, ஏரியில் காலால் மிதித்து ஓட்டும் படகுகள் ஆறு. முன்மேசையில் விடுதிக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார். அறைச்சாவியை வாங்கப் போன அடையாளத்தின் கண், மேசைக்குக் கீழே இருந்த பிஸ்கட் அட்டைப்பெட்டியில் விழுந்தது. அதன்மேல் கரிக்கோலால் ‘விட்டுட்டுப் போனது’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒற்றைச் செருப்பு, நீச்சல் தொப்பி, சீப்பு, சார்ஜர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரத்தலையோடு ஒருவர் வந்தார். பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒரு சார்ஜரை உருவிக்கொண்டு, “வரேங்க,” என்று போய்விட்டார்.

“யாருங்க அவரு?” என்றார் அடையாளம்.

“மூணாம் நம்பர் ரூம்.”

“அந்தச் சார்ஜர் அவருடையதா?”

“எடுத்துக்கிட்டாரே. அப்ப அவருடையதாத்தான் இருக்கும்,” என்றார் விடுதிக்காரம்மா.

இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஓர் அநியாயத்தை அடையாளம் பார்த்ததில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பேசினார். மூன்று அடையாளத்தை விளக்கினார், குடைக்கம்பியைச் சொன்னார், பல்செட்டைச் சொன்னார். ஒரு நீள நோட்டை வாங்கித் தன் கையாலேயே கோடு போட்டார். தேதி, பொருள், கண்டெடுத்த இடம், கண்டெடுத்தவர், அடையாளங்கள், பெற்றுக்கொண்டவர், சாட்சி. “இந்த நோட்டைக் கேக்க வர்றவங்க கண்ணுல காட்டவே கூடாது. உள்ளங்கையால மறைச்சுக்கிட்டுத்தான் எழுதணும். நான் நீ, தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு பாக்கக்கூடாது. பாத்தா எல்லாம் போச்சு,” என்றார்.

மச்சான் பெட்டிகளை அறையில் வைத்துவிட்டு வந்து, கொட்டாவி விட்டு, மறுபடி வெளியே போனான். மனைவி மட்டும் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, ப்ரூஃபைப் படிப்பதுபோல முழுப் பிரசங்கத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விடுதிக்காரம்மாவோ சொக்கிப்போனார். குறுக்கெழுத்து போடுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அன்றைக்கே பெட்டியைக் கவிழ்த்து, ஒற்றைச் செருப்பு முதல் சீப்பு வரை பதின்மூன்று பொருளை நோட்டில் ஏற்றிவிட்டார்.

பிற்பகலில் படகு விட்டார்கள். ஏரி நடுவில் மிதிகட்டைச் சங்கிலி கழன்றது. அத்தானும் மச்சானும் குனிந்து மாட்டி, கை இரண்டும் கரியும் கிரீசுமாகக் கரை சேர்ந்தார்கள். படித்துறையில் முகம் கழுவும் தொட்டி ஒன்று இருந்தது. அடையாளம் வாட்சைக் கழற்றிக் கண்ணாடித் தட்டில் வைத்தார். சோப்புப் போட்டுக் கழுவினார். “அத்தான், டீ ஆறுது!” என்று மச்சான் கூப்பிட்டான். போனார். இருபத்தாறு வருஷமாகப் பிறத்தியார் எப்படித் தொலைக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவர், அச்சு அசலாக அதே மாதிரித்தான் தொலைத்தார்.

படகு மிதித்த அலுப்பில் வாட்ச் நினைப்பே இல்லாமல் தூங்கிப்போனவர், ஞாயிறு காலையில் எழுந்ததும் அதற்குச் சாவி கொடுப்பதற்காகத் தலைமாட்டில் கையை விட்டார். தினமும் பன்னிரண்டு சுற்று கொடுப்பது வழக்கம். கையில் தட்டுப்பட்டது மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும்தான். மணிக்கட்டைப் பார்த்தார். வெயில் படாத வெள்ளைப் பட்டை ஒன்று அங்கே இருந்தது.

அது சாதாரண வாட்ச் இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் மனைவி ஓர் அகராதி முழுவதையும் ஆறு மாதம் உட்கார்ந்து ப்ரூஃப் பார்த்தாள். வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட ஒரு கையில் தாளோடு நின்ற ஆறு மாதம் அது. அந்தக் கூலியில் தனக்கென்று ஒரு கைக்குட்டைகூட வாங்கிக்கொள்ளாமல் இவருக்கு வாங்கித்தந்த வாட்ச். அது தொலைந்தது அவளுக்குத் தெரிவதற்குள் கிடைத்துவிட வேண்டும். அந்த ஒரு நினைப்பில் சட்டைக் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

“மணி என்ன?” என்றாள் மனைவி, தலைவாரிக்கொண்டே.

அடையாளம் ஜன்னல் பக்கம் திரும்பினார். “வெயிலைப் பாத்தா ஏழரை இருக்கும்.”

“கையில வாட்ச் இருக்கும்போது வெயிலை எதுக்குப் பாக்கறீங்க?”

“ஊருக்கு வந்தா இயற்கையோட ஒட்டி இருக்கணும்னு சொல்வாங்க,” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். அவர் வாழ்நாளில் இயற்கையோடு ஒட்டி இருக்கவேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

படித்துறையில் கண்ணாடித் தட்டு காலியாக இருந்தது. படகுக்காரரிடம் விசாரித்தார். “எது கிடைச்சாலும் முன்மேசையில ஒப்படைக்கணும் சார். புது ரூல். நேத்து யாரோ ஒரு பெரிய ஆபீசர் வந்து போட்டுட்டுப் போயிருக்காராம்,” என்றார் அவர். அடையாளத்துக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

விடுதிக்காரம்மா நோட்டோடு தயாராக இருந்தார். “ஆமா சார். ஒரு வாட்ச் வந்திருக்கு. பதினாலாம் நம்பர்.”

போன உயிர் திரும்பி வந்தது. “குடுங்க, குடுங்க.”

“அடையாளம் சொல்லுங்க. மூணு,” என்றார் விடுதிக்காரம்மா. உள்ளங்கையால் நோட்டை மறைத்துக்கொண்டார்.

அடையாளம் சிரித்தார். நல்ல மாணவி என்று நினைத்தார். “வெள்ளை முகம், கறுப்புத் தோல் பட்டை. இது ஒண்ணு. பட்டையில நாலாவது ஓட்டை மட்டும் பெரிசாயிருக்கும், ஓரம் கிழிஞ்சிருக்கும். இது ரெண்டு.”

“சரி. சரி.” இரண்டு இடத்தில் புள்ளி வைத்தார். “பின்னாடி என்ன எழுதியிருக்கு?”

அடையாளம் வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். பின்னாடி ஏதோ எழுத்து இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு பட்டை மாற்றியபோது கடைக்காரர், “பின்னாடி எழுத்து தேயுது சார், பாத்துக்குங்க,” என்று சொன்னார். கம்பெனிப் பேர் தேய்ந்தால் என்ன, நின்றால் என்ன என்று வந்துவிட்டார். பிறத்தியார் பொருளென்றால் தலைகீழாகக் கவிழ்த்து, தையலைப் பிரித்து, உள்ளே இருக்கும் துணுக்கு நூல் வரை பார்ப்பவர்தான். இது தொலையாத பொருளாயிற்றே. தொலையாத பொருள் எதையும் அவர் என்றுமே திருப்பிப் பார்த்ததில்லை.

“கம்பெனிப் பேரு,” என்றார்.

“இல்ல.”

“வாட்டர் ப்ரூஃப்னு போட்டிருக்கும்.”

“இல்ல சார்.”

“அம்மா, இங்க பாருங்க.” சட்டைக் கையைச் சுருட்டி வெள்ளைப் பட்டையைக் காட்டினார். “கொண்டாங்க, வச்சுக் காட்டறேன். கச்சிதமா பொருந்தும்.”

“கையில பொருந்தறதெல்லாம் சொந்தமாயிடாது சார்,” என்றார் விடுதிக்காரம்மா, மிகவும் பணிவாக. “பல்செட் கதை சொன்னீங்களே.”

“இந்த ரூலைப் போட்டதே நான்தாம்மா!”

“அதனாலதான் உங்ககிட்ட ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன். தெரிஞ்சவங்கன்னு பாத்தா எல்லாம் போச்சுன்னீங்க.”

அவர் வாயாலேயே அவரைக் கட்டிப்போட்டால் மனிதர் என்னதான் செய்வார்? மச்சானைத் தேடிக்கொண்டு போனார்.

மச்சான் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கேட்டதும் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டான். “பதினோரு வருஷமா கட்டியிருக்கீங்க. ஒரு நாள்கூடவா திருப்பிப் பாக்கல?”

“மணி முன்பக்கம்தானேடா தெரியும்?”

“அதுவும் சரிதான்,” என்று ஒப்புக்கொண்ட மச்சான், “அக்காகிட்டயே கேட்டுடுங்களேன்,” என்றான்.

கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்டால் தொலைத்ததும் தெரியும், படிக்காததும் தெரியும். ஒரே கல்லில் இரண்டும். ஆகவே கேட்காமல் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு, வராந்தாவில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி பக்கத்தில் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்த வாட்ச் கடைக்காரங்க எல்லாம்,” என்று ஆரம்பித்தார், ஏரியைப் பார்த்துக்கொண்டு, “அந்தக் காலத்துல பின்னாடி எழுதியெல்லாம் தருவாங்க, இல்ல?”

“தருவாங்க.”

“என்னத்தை எழுதச் சொல்வாங்க பொதுவா?”

“எழுதச் சொல்றவங்களைப் பொறுத்தது,” என்றாள் மனைவி. ஓர் எழுத்துக்கு வட்டம் போட்டாள். “மணி என்ன?”

அடையாளம் வானத்தைப் பார்த்தார். “வெயிலைப் பாத்தா ஒன்பது.”

“மேகம் மூடியிருக்கு,” என்றாள் அவள், தலை நிமிராமல்.

எழுந்து வந்துவிட்டார். அத்தானும் மச்சானும் சேர்ந்தாற்போல முன்மேசைக்குப் போனார்கள். அடையாளம் முதலில் கல்யாணத் தேதியைச் சொன்னார். இல்லை. இருவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சொன்னார். இல்லை. ஃப்ரீசர் ரிப்பேர் செய்த உரிமையில் மச்சான் ஒரு பார்வை பார்த்தான். விடுதிக்காரம்மாவுக்கு மனசு இளகியது. குறுக்கெழுத்துக்காரர் கட்டம் காட்டாமல் இருக்க முடியாது போலும்.

“ரெண்டு சொல்லு,” என்றார் மெதுவாக. “ஆறு எழுத்து, அஞ்சு எழுத்து. புள்ளி வச்ச எழுத்தையும் சேத்து. இதுக்கு மேல கேக்காதீங்க.”

இருவரும் ஒரு தாளை வாங்கிக்கொண்டு கூடத்து மூலையில் உட்கார்ந்தார்கள். விரல்விட்டு எண்ணினார்கள். ‘அன்புடன்’ ஐந்து, ‘அன்பளிப்பாக’ ஏழு. முதல் சொல்லே இடறியது. கால் மணி நேரம் கழித்து மச்சான் தொடையைத் தட்டினான்.

“என்றென்றும்! எண்ணுங்க அத்தான். ஆறு. உன்னுடன்! அஞ்சு. என்றென்றும் உன்னுடன்!”

அடையாளம் எண்ணினார். இன்னொருமுறை எண்ணினார். சரியாக இருந்தது. “அவ என்னை நீங்கன்னுதானே சொல்லுவா? உன்னுடன்னு எப்படிப் போடுவா?”

“நேர்ல நீங்க. எழுத்துல நீ. எல்லாரும் அப்படித்தான் அத்தான் போடுவாங்க. உங்களுடன்னு போட்டா சங்கத்து அறிக்கை மாதிரி இருக்கும்.”

அடையாளத்தின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. என்றென்றும் உன்னுடன். பன்னிரண்டு சுற்று சாவி கொடுத்து, கொடுத்து, இதையா இத்தனை வருஷம் மணிக்கட்டுத் தோலோடு ஒட்டவைத்துக்கொண்டு, படிக்காமல் இருந்தோம்! பாவி, பாவி என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். அவளோ ஒரு வார்த்தைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. முன்மேசைக்கு நடந்த பத்தடி தூரத்துக்குள் அவர் மனைவியின்மேல் புதுமாப்பிள்ளைபோல ஆசை கொண்டுவிட்டார். மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, தழுதழுத்த குரலில் சொன்னார்.

விடுதிக்காரம்மா நோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு,” என்றார் இரக்கத்தோடு. “ஆனா இல்ல சார்.”

அப்போதுதான் மனைவி வந்தாள். தோளில் பை, கையில் ப்ரூஃப் கட்டு, மேலே சாம்பல் நிற ஸ்வெட்டர். கிளம்பத் தயாராக இருந்தாள். மூவர் முகத்தையும் பார்த்தாள். “என்ன நடக்குது இங்க?”

மச்சான் கூரையைப் பார்த்தான். அடையாளம் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ஒரு வாட்ச் விஷயமா பேசிட்டிருக்கோம்,” என்றார் விடுதிக்காரம்மா.

“ஓ,” என்றாள் மனைவி. பையை இறக்கி வைத்தாள். “நான் அடையாளம் சொல்லலாமா?”

“யார் வேணும்னாலும் சொல்லலாம். மூணும் சரியா இருக்கணும், அவ்வளவுதான்.”

முதல் இரண்டையும் வாயால் சொன்னாள். மூன்றாவதுக்கு ஒரு தாள் துண்டு கேட்டு வாங்கி, தன் சிவப்புப் பேனாவால் எழுதி மடித்துக் கொடுத்தாள். விடுதிக்காரம்மா பிரித்துப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து வாட்சை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி இன்னொருமுறை பார்த்தார். பிறகு வாட்சை மனைவியின் கையில் கொடுத்தார். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

“சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேணும் சார்,” என்று நோட்டை அவர் பக்கம் திருப்பினார் விடுதிக்காரம்மா. இப்போது உள்ளங்கையால் மறைக்கவில்லை.

அடையாளம் பேனாவை எடுத்தார். தன் கையாலேயே போட்ட கோடுகளுக்கு நடுவே படித்தார். வரிசை எண் பதினான்கு. பொருள், கைக்கடிகாரம். கண்டெடுத்த இடம், படித்துறைக் கண்ணாடித் தட்டு. அடையாளம் மூன்று, பின்புறம் எழுத்து: ‘படித்ததும் சொல்லவும்.’

அனிச்சையாக விரல் மடக்கி எண்ணினார். ஆறு. ஐந்து.

கண்டெடுத்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்திலும் அதே கையெழுத்து இருந்தது. முந்தைய நாள் மாலையே, டீ ஆறிக்கொண்டிருந்த நேரத்திலேயே, தேதியோடு ஒப்படைத்திருந்தாள்.

அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையெழுத்து அவருடையது மாதிரியே இல்லை. அவருடைய அலுவலகமாக இருந்தால் அதைச் செல்லாது என்று சொல்லியிருப்பார்.

கார் கிளம்பியது. மச்சான் ஓட்ட, அக்காவும் அத்தானும் பின்னால் உட்கார்ந்தார்கள். மனைவி வாட்சைத் தன் இடது கையில் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் மெலிந்த கைக்குக் கடைசி ஓட்டை வரை போக வேண்டியிருந்தது. ஏரி மறைந்தது, பெட்ரோல் பங்க் வந்தது, மரக்கடைகள் வந்தன. அதுவரை மச்சான்கூடப் பேசவில்லை. அவன் வாழ்க்கையில் அதுவே முதல்முறையாக இருக்கலாம்.

அடையாளம் அவள் கையிலிருந்த வாட்சைப் பார்த்தார்.

“படிச்சிட்டேன்,” என்றார்.

மனைவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி.”

“ஏன்? என்னத்துக்காக அப்படி எழுதினே?”

“நீங்க படிச்சதும் வந்து, ‘என்ன இது?’ன்னு கேப்பீங்கன்னு நினைச்சேன். கேட்டா ஒண்ணு சொல்லலாம்னு வச்சிருந்தேன். நேரா சொல்லக் கூச்சமா இருந்துச்சு.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். “தினமும் கழட்டறீங்க, தினமும் சாவி குடுக்கறீங்க. மிஞ்சிப்போனா ரெண்டு நாள்ல படிச்சிடுவீங்கன்னு கணக்குப் போட்டேன்.”

“என்ன அது? சொல்ல வச்சிருந்தது?”

“உங்க ஆபீஸ்ல பொருளை எத்தனை நாள் வச்சிருப்பீங்க?”

அவருக்குத் தெரியாத கேள்வியா? “தொண்ணூறு நாள்.”

“நானும் அவ்வளவு நாள் வச்சிருந்தேன்,” என்றாள் அவள். “அதுக்கப்புறம் கழிச்சிட்டேன்.”

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். பேரேட்டில் இத்தனை வருஷம் நிறைவோடு இழுத்த கோடெல்லாம் கண்முன் வந்தது.

“என்னன்னாவது சொல்லேன். இப்பக் கேக்கறேன்ல?”

மனைவி முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். “அடையாளம் சொல்லுங்க. மூணு.”

“எதுக்கு?”

“என்ன சொல்ல வச்சிருந்தேனோ, அதுக்கு. அந்த வருஷம் நான் எப்படி இருந்தேன்? எதைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தேன்? எதைக் கேட்டுட்டு, பதில் வராம பாதியில நிறுத்தினேன்? மூணே மூணு.”

அடையாளம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அந்த வருஷம் நன்றாக நினைவு இருந்தது. நானூற்றுப் பதினெட்டுப் பொருள் வந்தன. அதில் நூற்று ஆறு குடை. ஒரு பறவைக்கூண்டு வந்தது, கதவில் நீல நூல் கட்டியிருந்தது. ஊன்றுகோல் ஒன்று வந்தது, அடியில் ரப்பர் தேய்ந்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தது. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் அவள் இருந்தாள். அவளைப் பற்றிய பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு. இருந்தாலும் விட மனமில்லை.

“அந்த வருஷம் நீ நீச்சல் கத்துக்கப் போனே,” என்றார்.

“அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.”

“கண்ணாடி போட ஆரம்பிச்சே.”

“சின்ன வயசிலிருந்தே போடறேன்.”

முன்னாலிருந்து மச்சானால் பொறுக்க முடியவில்லை. “அக்கா, எனக்கு அது தெரியுமே. நான் சொல்லிடட்டுமா?”

“நீ பேசாம ஓட்டு. சொந்தக்காரர்தான் சொல்லணும்,” என்றாள் அவள்.

மச்சானுக்குத் தெரிந்திருக்கிறது. ஃப்ரீசர் பழுது பார்க்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. அடையாளத்துக்கு அது எல்லாவற்றையும்விடக் கூடுதலாக வலித்தது. மூன்றில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. தப்பாகச் சொல்லித் தீர்த்துவிடப் பயந்து, அதைக் கைவசம் வைத்துக்கொண்டார். வீடு போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்க, பழக்கதோஷத்தில் இடது கையைத் தூக்கினார். வெள்ளைப் பட்டைதான் தெரிந்தது.

“மணி என்ன ஆச்சு?” என்றார்.

மனைவி ஸ்வெட்டர் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள்.

“வெயிலைப் பாத்தா ரெண்டரை இருக்கும்,” என்றாள்.